எட்டில் ஒரு சுண்டெலி: வாய்மொழிப் பரீட்சைக்குப் படித்த விதம்

முதுமாணிப் பட்டத்தின் வாய்மொழிப் பரீட்சைக்குச் சதையிப் (கணையப்) புற்றுநோயின் சுண்டெலி மாதிரிகளை, அதாவது அந்நோயை உண்டாக்கி ஆராயும் எலிகளை, தலைப்பாக எடுத்தபோது, அத்தகைய எலியொன்றை நான் கண்ணாலும் கண்டதில்லை. கிளிநொச்சி வீட்டில் இருந்தபடி ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே நம்பிப் படித்தேன்.

முதல் ஒத்திகையில் மாதிரிகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். விரிவுரையாளர் இடைமறித்து, "இந்த எலி ஒன்று கிடைக்க எத்தனை குட்டிகளைப் பார்க்க வேண்டும்?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆகவே இத்தலைப்பை எடுப்பவர்கள் முதலில் கடதாசியும் பென்சிலும் எடுத்து, 2005இல் வெளிவந்த, சதையிப் புற்றுநோய் வரும்படி மரபணு மாற்றிய கேபிசி எலியின் இனக்கலப்பை வரைந்து பார்க்க வேண்டும். அதில் புற்றுநோயுடன் தொடர்புள்ள கேராஸ், பி53 ஆகிய இரு மரபணுக்களின் விகாரமுற்ற எதிருருக்களின் (மாறிய வடிவங்களின்) முன்னும், லொக்ஸ் எனும் குறுகிய டிஎன்ஏ தொடர்களுக்கிடையே, மரபணுவைச் செயற்படவிடாத ஒரு நிறுத்தத் துண்டு இருக்கும்; சதையி உருவாகும் காலத்தில் தோன்றும் க்ரீ நொதியம் அத்துண்டை வெட்டி நீக்கிய பின்னரே விகாரம் வெளிப்படும். இரு விகாரங்களையும் ஒவ்வொரு பிரதியாகக் கொண்ட பெற்றோரை க்ரீ மரபணுவின் ஒரு பிரதி கொண்ட பெற்றோருடன் கலந்தால், மூன்றும் சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டுக் குட்டிகள் கொண்ட ஓர் ஈற்றில் ஒன்றுகூட அமையாமல் போகும் நிகழ்தகவு ஏறத்தாழ 34 சதவீதம் என்பதைக் கணித்த பின்னர்தான், இந்த ஆய்வுகளுக்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

அடுத்ததாக, தோலுக்கடியில் புற்றுக் கலங்களைச் செலுத்தும் எளிய மாதிரியில் பலன் தரும் மருந்து மனிதரில் ஏன் தோற்கிறது என்று கேட்பார்கள். சதையிக் கட்டியைச் சூழ்ந்து இறுகிய நாரிழையம் வளர்வதாலும் குருதிக் கலன்கள் குறைவாக இருப்பதாலும் மருந்து உள்ளே போய்ச் சேர்வதில்லை. இரணைமடு வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இந்த இறுக்கத்தைக் கேபிசி எலி நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அதையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது: நாரிழைய வளர்ச்சியைத் தூண்டும் ஹெட்ஜ்ஹொக் எனும் கலச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தொன்று, ஜெம்சிற்றபின் என்ற புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள் கொண்டுசேர்த்து எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2009இல் வெளியானது; அதே மருந்தின் மனிதச் சோதனையோ 2012இல் நிறுத்தப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்துச் சொல்லாதீர்கள். முதலாவதை மட்டும் சொன்ன என்னை ஒத்திகையில் இரண்டாவதைக் கேட்டே மடக்கினார்கள்.

எலியில் விகாரம் முளையப் பருவத்திலேயே தொடங்க, மனிதரில் அது பெரும்பாலும் முதிர்ந்த வயதிலேயே நோயாகிறது என்ற வேறுபாட்டை ஒரு வரியில் சொன்னால் போதும்.

மெய்யான பரீட்சையில் கடைசியாகக் கேட்கப்பட்டது, எந்தக் கட்டத்தில் எலியின் வேதனையை முடித்துவைப்பீர்கள் என்பது. நிறைக் குறைவு, வயிற்று வீக்கம், அசையாமல் ஒடுங்கியிருத்தல் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அவற்றை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார் என்பதைச் சொல்லத் தடுமாறினேன். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் அந்த அட்டவணையை முதலில் எழுதுங்கள்.