மொத்தமாகப் பெயர் மாற்ற

நூற்றுக்கணக்கான போட்டோக்களுக்கு ரைட் கிளிக் செய்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுகிறவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ‘ரீநேம்’ (rename) என்ற கட்டளை ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் பதிப்புகளில் கிடைப்பது பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய வகை. ஃபெடோராவில் அதே பெயரில் இருப்பது வேறு நிரல். எங்கோ பார்த்த வரியை ஒட்டினால் வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பெர்ல் வகையில் முதலில் ‘மைனஸ் என்’ (-n) சேர்த்து ஓட்டுங்கள். எது எதுவாக மாறும் என்று காட்டும், எதையும் தொடாது. சரியாக இருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டலாம்.

பெயர் மாற்றும் இன்னொரு கட்டளையான ‘எம்வி’யை (mv) ஒவ்வொரு கோப்புக்கும் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் போடுகிறவர்கள், மேலெழுதும் முன் கேட்கச் சொல்லும் ‘மைனஸ் ஐ’யை (-i) மறக்க வேண்டாம். அது இல்லாமல் இரண்டு கோப்புக்கு ஒரே பெயர் வந்தால் முந்தையது சத்தமில்லாமல் காலி. குப்பைத் தொட்டியிலும் கிடைக்காது.

அப்புறம், எண் போடும்போது 001, 002 என்றே போடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.