மேலே தள்ளிவிட்ட செய்தி

காவடி அன்று கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. தைப்பூசத்துக்கு மொரீஷியஸில் அரசு விடுமுறை, ஆனால் நாங்கள் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் பாரிஸ் வாடிக்கையாளருக்கு அது வேலைநாள். இங்கே மதியம் 1 மணி என்றால் அங்கே காலை 10, அறை முன்பதிவுகள் குவிகிற நேரம்.

வீட்டுக்கார அம்மாவின் மகன் காவடி எடுத்திருந்தான். கோர் த கார்ட் மலையடிவாரக் கோயிலுக்கு அவன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடந்துகொண்டிருந்தபோதுதான் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். எபேன் அலுவலகத்தில் அன்று இருந்தது எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதமே ஆன தஞ்சாவூர்ப் பெண் மட்டும்தான். “அண்ணா, நான் பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். “வேணாம்மா, கைப்பேசியிலேயே சர்வருக்குள்ள வந்துட்டேன், பின்லாக்தான் அடைச்சிருக்கு, ரெண்டு நிமிஷம்” என்று அனுப்பினேன்.

பின்லாக் என்பது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவு. முந்தின இரவு ஓடிய பெரிய டேட்டா ஏற்றத்தில் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் பின்லாக் கோப்புகள் வரிசையாக நின்றன. அழிப்பதற்கான கட்டளையை அடித்தேன். கைப்பேசியில் டெர்மினலைத் திறந்தால் கீழ்ப்பாதியைக் கீபோர்டு எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற இடத்தில் மேல் வரிகளை மறைத்துக்கொண்டு அவளுடைய அடுத்த செய்தி இறங்கியது. “அண்ணா, ஒரு நிமிஷம்” என்று ஆரம்பம். கோப்புப் பெயர்களைச் சரிபார்க்க அந்த வரிகள் வேண்டும், அதனால் கட்டைவிரலால் அதை மேலே தள்ளிவிட்டேன். அப்புறம் எண்டர்.

ஒரு நிமிடத்துக்குள் எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் மறுபடி எழுத ஆரம்பித்தது. நிம்மதியாகப் போய்க் காவடியோடு சேர்ந்துகொண்டேன். சாயங்காலம்தான் அந்தச் செய்தியைத் திறந்தேன்: “கேப் டவுன் ரெப்ளிகா காலையிலிருந்து நின்னிருக்கு, அதைத்தான் பார்த்துட்டிருக்கேன், பின்லாக் எதையும் அழிச்சிடாதீங்க.” ரெப்ளிகா என்பது பின்லாக்கைப் படித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் டேட்டாபேஸ் பிரதி. அதற்குள் அது 1236 பிழையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து வேண்டிய கோப்பு சர்வரில் இல்லை. முழுப் பிரதியையும் புதிதாக எடுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. விடியற்காலை 3 மணிவரை உட்கார்ந்து அதைச் செய்தது அவள்தான். டேட்டா எதுவும் தொலையவில்லை, வாடிக்கையாளருக்குத் தெரியவும் இல்லை.

கையால் அழிக்காமல், பழைய பின்லாக்குகளை மைஎஸ்க்யூஎல்லே அழிக்கிற பர்ஜ் கட்டளையைக் கொடுத்திருக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். சரிதான், ஆனால் இணைப்பில் இருந்து படித்துக்கொண்டிருக்கும் ரெப்ளிகாவைத்தான் பர்ஜ் காப்பாற்றும், நின்றுபோனதைக் காப்பாற்றாது, அதுவும் இதே கோப்புகளைத்தான் அழித்திருக்கும். லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவில் யோசித்தால் அது நிற்பதில்லை. லேப்டாப்பில் அவள் செய்தி பக்கத்து ஜன்னலில் திறந்தபடி இருந்திருக்கும், முழுசாகத் தெரிந்திருக்கும். அதோடு, டிஸ்க் நிரம்பினால் மைஎஸ்க்யூஎல் உடனே விழுந்துவிடாது. எழுதுவதை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு முறை இடம் கிடைத்ததா என்று பார்த்தபடி காத்திருக்கும். இது எனக்குத் தெரியும், அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததும்கூட. ஒரு நிமிடம் காத்திருக்க சர்வர் தயாராக இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் அங்கே அறை பதிவு செய்யக் காத்திருந்தவருக்கு அது காத்திருப்புதானே என்றும் தோன்றுகிறது.

மறுநாள் அவள் கண்கள் சிவந்திருந்தன. “நான் அனுப்பினேனே அண்ணா” என்று மட்டும் கேட்டாள். “கவனிக்கலைம்மா” என்றேன்.

அது பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. மீதி வரிகளைப் படிக்கவில்லை என்பது நிஜம். ‘ஒரு நிமிஷம்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் நிஜம்.

அறிக்கையை அவளே எழுதினாள். “செய்தி உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை” என்று போட்டிருந்தாள், யார் கவனிக்கவில்லை என்பதே இல்லை. நான் ஒப்புதல் கொடுத்தேன். அதற்கப்புறம் மூன்று முறை அந்தக் கோப்பைத் திறந்து, ‘பார்த்தேன், தள்ளிவிட்டேன்’ என்று மாற்றப் போய், மாற்றாமலே மூடியிருக்கிறேன்.