சம்மர் லீக்கில் புள்ளிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஜூலை பிறந்துவிட்டால், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் தங்கள் இளம் வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் சம்மர் லீக் வந்துவிடுகிறது. கூடவே, சில நாட்களுக்கு முன்புதான் டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தேர்வான பத்தொன்பது, இருபது வயது இளைஞர்களைப் பற்றிய தீர்ப்புகள் மளமளவென்று வரத் தொடங்கிவிடுகின்றன. ஓர் ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தவர் வருங்கால நட்சத்திரம் என்றும், இருபது முறை எறிந்து நான்கு முறை மட்டும் கூடையில் போட்டவர் வீணான தேர்வு என்றும் ஒரே இரவில் முடிவு கட்டப்படுகிறது. இந்த ஆட்டங்களை ஆண்டுதோறும் விடாமல் பார்த்து வருகிறேன். சம்மர் லீக்கில் ஓர் இளம் வீரரைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களிலேயே ஆகக் குறைந்த பயன் உள்ளது, அவர் எடுத்த புள்ளிகளின் எண்ணிக்கைதான் என்பது என் கருத்து. அதற்காக, இவையெல்லாம் வெறும் வேடிக்கை ஆட்டங்கள், பார்க்கவே தேவையில்லை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. கண்ணைப் பந்திலிருந்து சற்று விலக்க வேண்டும், அவ்வளவே.

என்.பி.ஏ.வின் லாஸ் வேகஸ் சம்மர் லீக் 2004-இல் ஆறு அணிகளுடன் தொடங்கியது. 2018 முதல் 30 அணிகளும் அங்கே வருகின்றன. நெவாடா பல்கலைக்கழக வளாகத்தில் ஒட்டியவாறு அமைந்த தாமஸ் அண்ட் மேக் சென்டர், காக்ஸ் பெவிலியன் ஆகிய இரண்டு அரங்குகளில் ஆட்டங்கள் மாறி மாறி நடக்கும். ஒரு குவார்ட்டருக்கு (ஆட்டத்தின் கால் பகுதிக்கு) 12 நிமிடங்களுக்குப் பதிலாக 10 நிமிடங்கள். ஆறாவது ஃபவுலில் (விதிமீறலில்) வெளியேற வேண்டும் என்ற விதிக்குப் பதிலாகப் பத்து ஃபவுல் வரை சலுகை. ஒவ்வோர் அணியிலும் புதிதாகத் தேர்வானவர்கள், ஓரிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்கள், என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கிலும் வெளிநாட்டு லீக்குகளிலும் ஆடிவிட்டு இன்னொரு வாய்ப்புத் தேடி வந்தவர்கள் என்று பலரும் கலந்திருப்பார்கள். இவர்கள் சேர்ந்து பயிற்சி எடுப்பது சில நாட்கள்தான். தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அணியை நடத்துவார்.

இப்படிப்பட்ட சூழலில் குவியும் புள்ளிகளின் மதிப்பு என்ன என்பதற்கு 2012-ஆம் ஆண்டே போதுமான சான்று. அந்த ஆண்டு சம்மர் லீக்கின் சிறந்த வீரர் விருது இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் போர்ட்லாண்டின் டேமியன் லில்லார்ட்; மற்றவர் மெம்பிஸின் ஜோஷ் செல்பி. லில்லார்ட் அடுத்த ஆண்டே ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் ஆண்டின் சிறந்த புதுமுக வீரராகத் தேர்வானார். செல்பியின் என்.பி.ஏ. வாழ்க்கையோ நாற்பது ஆட்டங்களைக்கூட எட்டாமல் முடிந்துபோனது. 2014-இல் அதே விருதைப் பெற்ற வாஷிங்டனின் கிளென் ரைஸ் ஜூனியரை அடுத்த ஜனவரியிலேயே அணி விடுவித்துவிட்டது. செல்பி, ரைஸ் இருவருமே விருது வாங்கியபோது ஓராண்டு என்.பி.ஏ. அனுபவம் பெற்றிருந்தவர்கள். ஓராண்டு தொழில்முறைப் பயிற்சி, உடல்வலு, ஆட்ட வேகம் பற்றிய அறிமுகம் ஆகியவை சேர்ந்த ஒருவர், நேற்றுவரை கல்லூரியில் ஆடியவர்களுக்கு எதிராக எளிதில் கூடை போடுவார் என்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டாம் ஆண்டு வீரர் சம்மர் லீக்கில் நன்றாக ஆடினால் அது அவர் தேர்ந்துவிட்டார் என்பதற்குப் போதுமான அடையாளமில்லை. ஆனால் அங்கேயே அவர் தடுமாறினால் கட்டாயம் கவலைப்படலாம்.

எதிர்ப்புறத்திலும் சான்றுகள் உண்டு. 2018 ஜூலையில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த இன்னொரு சம்மர் லீக்கில் அட்லாண்டாவும் மெம்பிஸும் மோதிய ஆட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அட்லாண்டாவின் டிரே யங் 20 முறை எறிந்து 4 முறை மட்டுமே கூடையில் போட்டார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பதினொன்றில் ஒன்றுதான் விழுந்தது. மறுபுறம், மெம்பிஸின் ஜேரன் ஜாக்சன் ஜூனியர் மூன்று புள்ளி எறிதல்கள் 13-இல் எட்டைப் போட்டு, 29 புள்ளிகளுடன் ஆட்டத்தை முடித்தார். அன்றைய அட்டவணையை மட்டும் பார்த்தவர், யங்கை எறியத் தெரியாதவர் என்றும், ஜாக்சனைத் தூரத்திலிருந்து குறி தப்பாமல் எறியும் அபூர்வமான உயரக்காரர் என்றும் எழுதியிருப்பார். நடந்தது வேறு. யங் ஒரே ஆண்டுக்குள் லீக்கின் முன்னணி பாஸ் கொடுப்பவர்களில் ஒருவராகி, 2020-இல் லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க ஐவரில் இடம்பிடித்தார். ஜாக்சன் பெரிய வீரரானது உண்மை; ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது தடுப்பாட்டம். 2023-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை அவர் பெற்றார். தூர எறிதலில் அவர் ஒருபோதும் அந்த இரவின் விகிதத்துக்கு அருகில்கூடப் போனதில்லை. யாராலும் போக முடியாது.

இதற்கான கணக்கு எளிது. ஒருவரின் உண்மையான மூன்று புள்ளித் திறன் 36 சதவீதம் என்று கொள்வோம்; அது ஏறக்குறைய லீக்கின் சராசரி. சம்மர் லீக் முழுவதும் அவர் 30 முறை எறிகிறார். சராசரியாகப் பதினொன்று விழ வேண்டும். ஆனால் வெறும் தற்செயலால் மட்டுமே அது எட்டாகவோ பதின்மூன்றாகவோ மாறுவது மிக இயல்பானது. எட்டு விழுந்தால் 27 சதவீதம், பதின்மூன்று விழுந்தால் 43 சதவீதம். முன்னதைப் பார்த்தவர் எறியத் தெரியாதவர் என்பார், பின்னதைப் பார்த்தவர் அபார எறிதல் என்பார், ஆள் ஒருவரேதான். ஆகவே விழுந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, எறியும் முறையைக் கவனிப்பது மேல். பந்து கைக்கு வருமுன் கால்கள் தயாராக இருக்கின்றனவா, தடுப்பவர் பாய்ந்து வரும்போதும் எறிதல் அதே வேகத்தில் வெளிப்படுகிறதா, இரண்டு எறிதல் தவறிய பிறகு மூன்றாவதை எறியத் தயங்குகிறாரா என்பவை ஐந்து ஆட்டங்களில் தெளிவாகத் தெரிந்துவிடும். எறிதல் திறனை எண்ணிக்கையில்தான் அறிய வேண்டும் என்பவர்கள், கல்லூரிக் காலத்து ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) விகிதத்தைப் பார்ப்பது நல்லது. அதில் நூற்றுக்கணக்கான எறிதல்கள் சேர்ந்திருக்கும்.

களத்தில் ஆடும் பொறுப்பைப் பொறுத்து வேறுபாடும் உண்டு. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகளுக்குச் சம்மர் லீக் ஒரு சொர்க்கம். ஒருங்கிணைந்த தடுப்பு கிடையாது, நினைத்தபோது எறியலாம். கூடையருகே ஆடும் உயரமான சென்டர்களின் நிலை பரிதாபமானது. தடுப்பவரின் வழியை உடலால் மறிக்கும் ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடினால், சரியான நேரத்தில் பந்தைக் கொடுக்கும் ஆள் அங்கே பெரும்பாலும் இருக்கமாட்டார். வேலைக்காக ஆடும் கார்டு தன் புள்ளியைத்தான் பார்ப்பார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு சென்டர் எட்டுப் புள்ளி மட்டும் எடுத்தால், அவர் எத்தனை முறை தனியாக நின்றும் பந்து வரவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அதே சென்டரின் ரீபவுண்டுகளையும் (தவறிய எறிதல்களைப் பிடிப்பது) பிளாக்குகளையும் (எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவது) பார்க்கும்போது ஃபவுல் கணக்கை மறந்துவிடக் கூடாது. எட்டு ஃபவுல் செய்துவிட்டும் களத்தில் நின்று பன்னிரண்டு ரீபவுண்ட் எடுத்தவர், அக்டோபரில் தொடங்கும் உண்மையான போட்டியில் அந்த ஆட்டத்தின் பாதியை பெஞ்சில் உட்கார்ந்தே கழித்திருப்பார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது முடிவெடுக்கும் வேகம். ஸ்கிரீன் வைத்தவர் உடனே கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்டு ஸ்கிரீனை ஒட்டித் திரும்புகிறார். எதிரணியின் சென்டர் பின்வாங்கிக் கூடைக்கு முன்னால் நிற்கிறார். அந்த நொடியில், எதிர்மூலையில் நிற்கும் எறியாளரைக் காக்க வேண்டிய வீரர், உள்ளே ஓடிவரும் உயரக்காரரைத் தடுக்க ஓர் அடி உள்ளே வைக்கிறார். அந்த ஓர் அடிதான் வழி திறக்கும் கணம். நல்ல கார்டின் பந்து, அந்தக் கால் தரையில் படும்போதே மூலையை நோக்கிப் புறப்பட்டிருக்கும். சுமாரான கார்டு அதைப் பார்ப்பார், ஒரு முறை கூடுதலாகப் பந்தைத் தட்டுவார், பிறகு கொடுப்பார். அதற்குள் தடுப்பவர் திரும்பியிருப்பார். சம்மர் லீக்கின் மெதுவான தடுப்புக்கு எதிராக சுமாரான கார்டின் பாஸும் பலித்துவிடும். மூலையில் நின்றவர் எறிதலைப் போட்டால் இரு கார்டுகளுக்குமே ஓர் அசிஸ்ட்தான் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்) எழுதப்படும். என்.பி.ஏ. தடுப்பின் முன்னால் முதலாமவருடையது அசிஸ்டாகவும், இரண்டாமவருடையது டர்ன்ஓவராகவும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) முடியும். டிரே யங்கின் அந்த மோசமான இரவிலும் அவர் பந்தைக் கொடுத்த நேரம் முந்தித்தான் இருந்தது, எறிதல்தான் கைவிட்டது.

இரண்டாவது, பந்து தன் பக்கம் இல்லாதபோது தடுப்பாட்டத்தில் ஒருவர் செய்வது. பந்தைப் பார்த்துக்கொண்டே தன் ஆளைத் தொலைத்துவிடும் பழக்கம் இளம் வீரர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் முதல் ஆட்டத்தில் இரண்டு முறை அப்படி ஏமாந்தவர் மூன்றாவது ஆட்டத்தில் திருந்தியிருக்கிறாரா என்பதைக் கவனித்தால், அவரால் சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதே தெரிந்துவிடும். எறிய நிற்பவரை நோக்கிப் பாய்ந்து சென்று, கடைசி மூன்றடியில் சின்னச் சின்ன எட்டுகளாக வேகத்தைக் குறைத்து நிற்கத் தெரிந்தவர்கள் வயதை மீறிய ஒழுங்கு உள்ளவர்கள். முழு வேகத்தில் போய்க் காற்றில் எகிறுபவர்களை எதிராளி பக்கவாட்டில் கடந்து போய்விடுவார்.

2023 டிராஃப்டில் சான் அன்டோனியோ முதலிடத்தில் தேர்ந்தெடுத்த விக்டர் வெம்பன்யாமாவின் முதல் சம்மர் லீக் ஆட்டம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 2023 ஜூலை 7 அன்று சார்லட்டுக்கு எதிராக 13 முறை எறிந்து இரண்டை மட்டும் போட்டு 9 புள்ளிகளுடன் முடித்தார். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. அதே ஆட்டத்தில் ஐந்து எறிதல்களை அவர் பிளாக் செய்திருந்தார். கூடையிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றபடி எறிதல்களை அவரால் எட்ட முடிகிறது என்பதும், அவரைப் பார்த்ததுமே எதிரணியினர் எத்தனை முறை மனம் மாறி வெளியே திரும்பினார்கள் என்பதும் அன்றைக்கே கண்ணில் படும்படி இருந்தன. இரண்டு நாள் கழித்து போர்ட்லாண்டுக்கு எதிராக 27 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் எடுத்தார், கேலி நின்றது. ஆனால் எனக்கு முதல் ஆட்டம்தான் கூடுதலாகச் சொன்னது. முதல் சீசனிலேயே அவர் பிளாக் கணக்கில் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தார். 2025-இல் டாலஸ் முதலிடத்தில் தேர்ந்தெடுத்த கூப்பர் ஃபிளாக் விஷயத்திலும் ஏறக்குறைய இதே நாடகம்: முதல் ஆட்டத்தில் 21 எறிதல்களில் 5, அடுத்ததில் 31 புள்ளிகள், அதோடு அணி அவரை உட்காரவைத்துவிட்டது. முதலிடத் தேர்வுகளை இரண்டு ஆட்டங்களோடு நிறுத்துவதை ரசிகர்கள் குறை சொல்கிறார்கள்; டிக்கெட் வாங்கியவர்களின் எரிச்சல் புரிகிறது. அணியின் பக்கம் நின்று பார்த்தால், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட பிறகு காயத்துக்கு வழிவிடுவானேன்?

மூன்றாவதாக, இதைத்தான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், சம்மர் லீக்கில் ஒருவர் செய்வது அவருக்கு உண்மையான அணியில் கிடைக்கப்போகும் வேலையா என்று கேட்க வேண்டும். இருபத்தைந்து முறை எறியும் உரிமை அங்கே எவருக்கும் கிடைக்கலாம். அக்டோபரில் அந்த உரிமை ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கும். பெஞ்சில் எட்டாவது, ஒன்பதாவது ஆளாக உட்காரப்போகிறவரிடம் அணி எதிர்பார்ப்பது, மூலையில் நின்று தயங்காமல் எறிவதும், தன் ஆளை விட்டுவிடாமல் தடுப்பதும்தான். டங்கன் ராபின்சன் டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாமல் 2018-இல் மயாமியின் சம்மர் லீக் அணிக்கு வந்தார். அங்கே அவர் செய்தது ஒரே வேலை: ஓடிக்கொண்டே இருந்து, பந்து வந்ததும் எறிவது. அதே வேலையைச் செய்தே 2019-20 சீசனில் 270 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். 2021-இல் சம்மர் லீக்கின் சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்த டேவியன் மிட்செல், கேம் தாமஸ் இருவரிலும் இதைக் காணலாம்: மிட்செலிடம் அன்று கண்ட விடாப்பிடியான தடுப்பும், தாமஸிடம் கண்ட எறியும் துணிச்சலும் பிறகும் அவர்களோடு வந்தன, அன்று இல்லாதவையும் அப்படியே இல்லாமல் இருந்தன.

டிராஃப்டின் முதல் வரிசையில் வந்தவர்களுக்கு இந்த ஆட்டங்கள் ஓர் அறிமுகம் மட்டுமே. அவர்கள் ஒப்பந்தத்தை ஐந்து மோசமான ஆட்டங்கள் எதுவும் செய்துவிடாது. இரண்டாம் சுற்றிலும் அதற்கு வெளியிலும் இருப்பவர்களுக்குத்தான் இது வாழ்வா சாவா என்ற விஷயம். 2017-18 சீசனில் அறிமுகமான டூ வே ஒப்பந்தம் இவர்களுக்காகவே ஏற்பட்டது. ஜி லீக்கிலும் என்.பி.ஏ.விலும் மாறி மாறி ஆட வழி செய்யும் அந்த ஒப்பந்தத்துக்கு இன்று ஓர் அணியில் மூன்று இடங்கள் உள்ளன. 2015-இல் 52-ஆவது இடத்தில் டாலஸ் தேர்ந்தெடுத்த இந்தியரான சத்னாம் சிங் சம்மர் லீக் ஆடியபோது இப்படியொரு ஏற்பாடே கிடையாது. அவர் கீழ்நிலை லீக்கில் ஆடியதோடு முடிந்துபோனது. அந்த மூன்று இடங்களில் ஒன்றுக்கான ஆளைத் தேடுவதுதான் சம்மர் லீக்கின் உண்மையான பரீட்சை. ஆகவே வரும் ஜூலையில், பெரிய பெயர்கள் உட்காரவைக்கப்பட்ட பிறகு, இரண்டாம் வாரத்தில் பாதி காலியான காக்ஸ் பெவிலியனில் நடக்கும் ஆட்டங்களைத்தான் நான் முதலில் பார்க்கப்போகிறேன்.