கன்னத்தில் 1.5 மில்லிமீட்டர்

ஜூன் 1, 2024, சனி

பரு விட்டுப்போன கன்னக் குழிகளுக்காகப் பாளையங்கோட்டையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். "சின்ன வயசுல அம்மை போட்டிருந்ததா?" என்று ஊரே கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை. அதற்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, இரண்டு விரலால் என் கன்னத்தை இழுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். இழுத்ததும் பாதிக் குழிகளைக் காணோம்.

"இழுத்தா மறையுதுல்லா, இதெல்லாம் மைக்ரோநீட்லிங்குக்கு, அதான் பொடி ஊசியால குத்துறதுக்கு, கேக்கும். ஊசி இறக்கின மாதிரி ஆழமா இருக்கிறது கேக்காது. அதுக்கு ஆசிட் வைக்கணும், பொறவு பாப்போம்."

போன வருஷம் ஆன்லைனில் டெர்மா ரோலர் என்ற ஊசி பதித்த உருளையை வாங்கி நானே உருட்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "பழுத்த பரு மேலயுமா?" ஆமாம். ஒரு பருவின் கிருமியை முகம் முழுக்க நாற்று நட்டிருக்கிறேன். தாடை ஓரம் கருத்துக் கிடப்பது அந்தக் கைங்கரியம்தான். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தேனா, வீட்டில் யாருக்காவது காயம் தடித்து வளருமா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. நாள் குறித்தாயிற்று.

ஜூன் 8, சனி

மரத்துப்போக கிரீம் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஓரத்தில் கசிந்த கிரீம் உதட்டில் பட்டு, தண்ணீர் குடித்தால் சட்டையில் வழிந்தது.

டாக்டர் ஊசித்தலையை என் முன்னாலேயே உறை பிரித்து, பேனா மாதிரி இருந்த குத்தும் கருவியில் மாட்டினார். இதைப் பார்க்காமல் யாரும் படுக்காதீர்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் ஓர் அழகு நிலையத்தில் ஊசி குத்தி முகத்தில் ரத்தம் தடவும் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. வந்ததை இந்த ஏப்ரலில்தான் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. அறிக்கையாக வெளியிட்டது.

ஊசி இறங்கும் ஆழம் கன்னத்துக்கு 1.5 மில்லிமீட்டர், நெற்றிக்கு அதைவிடக் குறைவு. கன்னத்தில் வலி பெரிதாக இல்லை, ர்ர்ர் என்று எலும்புக்குள் கேட்கும் சத்தம்தான். மேலுதட்டுக்கு வந்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல் கன்னம் முழுக்க ரத்தப் பொட்டுகள். அது வந்தால்தான் ஆழம் சரி என்று அர்த்தமாம்.

வீட்டில் அம்மா: "காசு குடுத்துக் குத்து வாங்கிட்டு வந்திருக்கியேல!"

ஜூன் 9, ஞாயிறு

வெயிலில் வெந்த தக்காளி மாதிரி முகம். அம்மா மஞ்சளும் கற்றாழையும் அரைத்து வைத்திருந்தாள். குத்துவாய் மூடும்வரை டாக்டர் கொடுத்த களிம்பு தவிர எதுவும் படக்கூடாது என்றதும் கோபித்துக்கொண்டாள்.

படுத்துக்கொண்டு படித்தது: 1997இல் கனடாவில் இரண்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். தழும்பை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சை குத்தினார்களாம். நாளாக மை மங்கிப்போனது, தழும்பும் தணிந்திருந்தது. வேலை செய்தது மை இல்லை, ஊசி. குத்திய இடத்தைக் காயம் என்று நினைத்து உடம்பு தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக நெய்கிறது. ஆச்சி கையிலிருந்த பச்சைத் தேள் ஞாபகம் வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

சிவப்பு இறங்கிவிட்டது. கன்னம் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது, மூக்கோரம் உரிகிறது. பிய்க்கக் கை பரபரக்கிறது. சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டு ஆபீஸ் போனேன். "மாப்ள, பவுடர் அப்பியிருக்க?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

ஜூன் 15, சனி

குற்றாலத்தில் சாரல். எல்லோரும் அருவிக்குள் நிற்க, நான் துண்டுகளுக்குக் காவல். ஒரு வாரத்துக்கு அருவி கூடாது என்று சொல்லியிருந்தார், இன்றோடுதான் முடிகிறது. ஒரு நாள் தள்ளி வந்திருக்கக்கூடாதா இந்தப் பயல்கள்.

ஜூலை 20, சனி

ஆறு வாரம். அதே ஜன்னல், அதே காலை வெளிச்சத்தில் எடுத்த இரண்டு போட்டோக்களையும் டாக்டரிடம் காட்டினேன். இடது கன்னத்தில் குழிகளின் ஓரம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஆழக் குழிகள் அப்படியே இருக்கின்றன. புதுக் கொலாஜன் கெட்டிப்பட மாதக்கணக்காகும், இன்னும் மூன்று தடவையாவது வரணும் என்கிறார். லேசர் வேகமாக வேலை செய்யாதா என்று கேட்டதற்கு, நம் மாதிரி மாநிறத் தோலில் அந்தச் சூடு கருமை விட்டுவிட்டுப் போகலாம், ஊசியில் அந்தப் பயம் குறைவு என்றார்.

இதை கிரீம் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தத் தடவை தண்ணீர் குடிக்கவில்லை. உதடு மரத்தாயிற்று, கூப்பிடுகிறார்கள்.