அடுத்த ஷிப்டில் வரப்போவது நாம்தான்

ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு ஹேண்ட்ஓவர் பற்றி விளக்கத் தேவையில்லை. வேலை நேரம் முடிந்தாலும், அடுத்து வருபவரிடம் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைக்காமல் எழுந்து போக முடியாது. நான் அப்போது இருந்தது ஒரு மென்பொருள் சேவைக் குழுவில். சர்வர்களைக் கண்காணிப்பது, வாடிக்கையாளர் டிக்கெட்டுகளை, அதாவது பதிவான புகார்களைப் பார்ப்பது, நடுராத்திரியில் ஏதாவது நின்றுபோனால் ஓடவைப்பது. அங்கே ஒருவர் எத்தனை டிக்கெட் மூடினார் என்று மேலே இருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கூட வேலை செய்பவர்கள் எடைபோடுவது வேறொன்றை: மூடாத டிக்கெட்டை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனார்?

குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் எழுதும் ஹேண்ட்ஓவர் குறிப்பு மட்டும் தனியாகத் தெரியும். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "டேட்டாபேஸ் இணைப்பு அடிக்கடி அறுகிறது. நெட்வொர்க் காரணம் இல்லை, பார்த்துவிட்டேன். இணைப்புகளின் உச்சவரம்பு நிரம்பிவிடுகிறதோ என்று சந்தேகம். இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும்; அப்போது மறுபடி அறுந்தால் முதலில் அதைப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டது, காலை வரை கேட்கமாட்டார்கள்." அவ்வளவுதான். படித்து முடித்தால், அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கிருந்து நாம் தொடரலாம். மற்றவர்களின் குறிப்பு பெரும்பாலும் "டிபி பிரச்சினை, ஃபாலோ அப் செய்யவும்" என்ற ரகம். அதைப் படித்தவர் நெட்வொர்க்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்கத் தொடங்குவார்.

இரண்டுக்கும் எழுத ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் குறிப்பில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. இப்போது நிலை என்ன, எதைப் பார்த்து ஒதுக்கியாயிற்று, அடுத்து செய்யவேண்டியது எது, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம் அல்லது காத்திருக்க வேண்டியதில்லை. இதில் பலரும் விட்டுவிடுவது இரண்டாவதை. பார்த்து ஒதுக்கியதை எழுதாவிட்டால், அந்த உழைப்பு அடுத்தவருக்கு நடக்கவே இல்லாத மாதிரிதான்.

மருத்துவமனைகளில் இது உயிர் சம்பந்தப்பட்டது. பணி மாறும்போது நோயாளியின் நிலையை எப்படி ஒப்படைப்பது என்பதற்கு ஐ-பாஸ் என்றொரு ஒழுங்கை வகுத்து, வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் சோதித்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. வாய்மொழியாக ஒப்படைக்க ஆன நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை. அந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்த அம்சம், "இப்படி நடந்தால் இதைச் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. எங்கள் மூத்தவரின் "இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும்" என்ற வரி அந்த வகைதான். யாரும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் வழக்கமான பகல் வேலைக்கு மாறினேன். அங்கே ஹேண்ட்ஓவர் கிடையாது. வாங்கிக்கொள்ள ஆளில்லையே. மாலையில் எல்லோரும் பாதி அறிக்கையை அப்படியே விட்டு, இருபது டேப் திறந்தபடியே மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்புவார்கள். காலையில் வந்து நேற்றைய மின்னஞ்சல்களையே மறுபடி மேலிருந்து கீழே படிப்பார்கள். இந்தக் கோப்பை ஏன் திறந்தோம், இந்த எண்ணை ஏன் மஞ்சளில் குறித்தோம் என்று யோசிப்பார்கள். பத்து மணிக்கு மீட்டிங், பதினொன்றுக்குத் திரும்பினால் மறுபடி அதே யோசனை. இதை யாரும் வேலை நேரக் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் இப்படி ஒரு இழப்பு இருப்பதே தெரிவதில்லை.

சக ஊழியருக்கு அவ்வளவு கவனமாக எழுதித் தருகிறவர்கள், மறுநாள் காலையில் வரப்போகிற தங்களுக்கு ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. நமக்குத்தான் ஞாபகம் இருக்குமே என்ற நம்பிக்கை. ஞாபகம் இருக்கும்தான், அரைகுறையாக.

இந்த அரைகுறை ஞாபகத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டாக ஆராய்ச்சி நடக்கிறது. பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவியாக இருந்த புளூமா ஜைகார்னிக் 1927-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். முடித்த வேலைகளைவிட பாதியில் நிறுத்தப்பட்டவை அதிகமாக நினைவில் நிற்கின்றன என்பது அவர் கண்டது. பின்னால் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை. அதே குழுவிலிருந்த மரியா ஓவ்சியான்கினா கவனித்தது வேறு. இடையில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலேயே அந்த வேலைக்குத் திரும்பிப் போனார்கள். ஞாபகம் என்பதைவிட, விட்ட வேலை நம்மை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதே என் அனுபவத்துக்கும் நெருக்கமாகப் படுகிறது. வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நாம் "ம்" கொட்டுகிறோமே, அப்போது உள்ளே ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஏதோ ஒன்றுதான்.

நிம்மதி தரும் செய்தி 2011-ல் வந்தது. மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவரின் ஆய்வு அது. முடியாத வேலை மனதில் குறுக்கிடுவதை நிறுத்த, அதை முடித்தாகவேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக வகுத்துவிட்டாலே குறுக்கீடு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் எழுதினார். அவரே தெரசா குளோம்புடன் சேர்ந்து 2018-ல் சோதித்தது இன்னும் நேரடியானது. இடையூறு வந்ததும் தாவுவதற்கு முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று சிறு குறிப்பு எழுதியவர்கள் அடுத்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள். எங்கள் மூத்தவர் பக்கத்து இருக்கைக்காரருக்கு எழுதியதை அவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நடைமுறையில் இதற்குக் குறுக்கே நிற்பது சோம்பல் என்று சொல்லமாட்டேன். "இன்னும் அரை மணி நேரம் இருந்தால் முடித்துவிடலாம்" என்ற எண்ணம்தான் முக்கியத் தடை. முடிக்கப்போகிற வேலைக்குக் குறிப்பு எதற்கு? ஆனால் அந்த அரை மணி நேரக் கணக்கை யாரும் சரியாகப் போட்டதில்லை. பட்டப்படிப்பு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுப் பார்த்த 1994-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள். ஆனது 55.5 நாள். அதனால் நான் வேலை முடிகிறதா என்று பார்ப்பதில்லை. மணியைப் பார்க்கிறேன். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு கையை எடுத்துவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. உண்மையில் பாதி வாக்கியத்தில் நிறுத்துவது நல்லது, காலையில் எடுத்த எடுப்பில் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும்.

குறிப்பு எப்படி இருக்கவேண்டும்? "அறிக்கை முடிக்கணும்" என்பது குறிப்பே இல்லை, அது மனக்குறை. "மூன்றாம் அட்டவணையில் ஜூன் மாதக் கூட்டல் இடிக்கிறது. சூத்திரம் சரி. மூலத் தரவில் ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதா பார். வரைபடம் வடிவமைப்புக் குழுவிடம் இருக்கிறது, புதன் வரை கேட்காதே." இதை வாசித்தால் கை தானாக அந்த மூலத் தரவுக் கோப்பைத் திறக்கும். தூக்கம் கலையாத காலையிலும் செய்ய முடிகிற அளவுக்கு முதல் படி சிறியதாக இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். எதில் எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. நோட்டுப் புத்தகமோ, செயலியோ, அந்தக் கோப்பின் முதல் வரியோ, எதுவும் ஆகும். மாதம் ஒரு செயலி மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் செயலிகளைப் பற்றிய ஆழ்ந்த அறிவு சேர்ந்திருக்கிறது.

நாள் முடிவில் எழுதுவது எளிது. நடுவில் ஒருவர் வந்து நிற்கும்போது எழுதுவதுதான் சங்கடம். அதுவும் மேலதிகாரி என்றால், அவரை நிற்க வைத்துவிட்டு எழுதுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். "ஒரு வரி எழுதிக்கொள்கிறேன் சார், முழுசா உங்ககிட்ட வந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை. எழுதி முடித்துத் தலைநிமிர்ந்தால் அவர் சொல்வது காதில் விழுகிறது, அது அவருக்கே தெரிகிறது.

ஆனால் வந்து நிற்பவர்கள் பாதிதான். வேலையிட நடத்தையைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் குளோரியா மார்க், வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளுக்கு ஏறக்குறைய இணையாக மனிதர்கள் தங்களைத் தாங்களே குறுக்கிட்டுக்கொள்கிறார்கள் என்கிறார். வேலை கொஞ்சம் கடினமாகும் இடத்தில் கை கைப்பேசிக்குப் போகிறது, இன்பாக்ஸைத் திறக்கிறது. நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்தாலும் போகும். இங்கேதான் குறிப்பு எனக்கு எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது. எதற்காகத் தாவினாலும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தாவவேண்டும் என்று வைத்துக்கொண்டதும், அந்த வரியை எழுத உட்காரும்போதே கேள்வி வந்துவிடும்: இப்போது ஏன் எழுந்திருக்கிறேன்? "நான்காம் பத்தியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை" என்று எழுதியபோது, மின்னஞ்சல் பார்க்கும் ஆசையே போய்விட்டது. தெரியவில்லை என்பதுதான் விஷயம். அதை எழுதிப் பார்த்த பிறகு யாரிடம் கேட்பது என்றும் தெரிந்தது. மனதைக் கவனிப்பது என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் அலுவலகத்தில் இந்த அளவுக்கு நடந்தால் எனக்குப் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. ஐந்து நிமிட வேலைக்கு மூன்று நிமிடக் குறிப்பு அபத்தம். குறிப்புகளை வண்ணம் பிரித்து, குறிச்சொல் போட்டு, காப்பகம் கட்டத் தொடங்கினால் அதுவே இன்னொரு முடியாத வேலையாகிவிடும். மறுநாள் படித்ததும் குறிப்பின் வேலை முடிந்தது. நான் அழித்துவிடுகிறேன்.

அழிக்காமல் வைத்திருப்பது ஒரே வகையை: வருடத்துக்கு ஒரு முறை வரும் வேலைகள். வருமான வரிக் கணக்கு, காப்பீட்டுப் புதுப்பிப்பு, அலுவலகத்தில் ஆண்டுத் தணிக்கை. ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே தடுமாறும் வேலைகள் இவை. ஒரு வருடம் போன பிறகு வருகிற நாம் கிட்டத்தட்ட வேறு ஆள், அவருக்கு எதுவும் தெரியாது. அதனால் முடித்த கையோடு, அலுப்பு ஆறுவதற்குள், அதே காலண்டரில் அடுத்த வருடத் தேதிக்குக் கீழே எழுதி வைக்கிறேன். எந்தச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகும், எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குழப்பம் வந்தது, இணையதளம் எதை எந்த வடிவில் கேட்டது, பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன. திட்டிக்கொண்டே எழுதியதால் சில வரிகள் பிறர் பார்க்கும்படி இருக்காது. தணிக்கைக் குறிப்பை மட்டும் ஒரு முறை சுத்தமாகத் திருத்தி எழுத நேர்ந்தது, நான் நீண்ட விடுப்பில் போன வருடம் அதை வாங்கிக்கொள்ள வேறொருவர் வந்திருந்தார்.