திறக்காத பை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. 2021 நவம்பர் 30. 15 வயதுப் பையன் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்து, கூடவே 'எனக்கு உதவுங்கள்' என்றும் எழுதியிருந்தான். ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. பெற்றோரையும் வரவழைத்துப் பேசினார்கள். 4 நாள் முன்புதான் அப்பா துப்பாக்கி வாங்கியிருந்தார். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை, வீட்டுக்கும் அழைத்துப் போகவில்லை. சரி, பள்ளியாவது பையைத் திறந்து பார்த்திருக்கலாமே! துப்பாக்கி இருந்த அந்தப் பையோடு வகுப்புக்குத் திரும்பினான். அன்று மதியம் சுட்டதில் 4 பிள்ளைகளின் உயிர் போனது.

2024இல் தாய், தகப்பன் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. சரியான தீர்ப்புதான். ஆனால் இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறார்கள். இவன் தன் கையாலேயே எழுதிக் காட்டினானே.