புல்வெளி டிக்கெட்: ஒரு ஜேம்ஸ் டெய்லர் நாட்குறிப்பு

ஜூன் 9

மாசசூசெட்ஸின் டாங்கிள்வுட் திறந்தவெளி அரங்கில் ஜூலை 4 கச்சேரிக்குப் புல்வெளி டிக்கெட் கிடைத்துவிட்டது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். கூரைக்குக் கீழே இருக்கும் நாற்காலிகள் எப்போதோ தீர்ந்துபோயின. தீராமல் இருந்திருந்தாலும் அந்த விலைக்கு நான் வாங்கியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இந்தக் கோடைக்கு அம்மா எங்களோடு இருக்கிறாள். அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். "யாருப்பா அது?" என்றாள். "நம்ம பி.பி. ஸ்ரீனிவாஸ் மாதிரி மெதுவா பாடுறவர். ஆனா பாட்டும் அவரே எழுதுவார், கிட்டாரும் அவரே வாசிப்பார்" என்றேன். "அப்ப சம்பளம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

கச்சேரிக்கு முன்னால் அவருடைய பாட்டுத் தொகுப்புகளை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் கேட்கலாம் என்று இருக்கிறேன். தோன்றுவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12

முதல் தொகுப்பு, 1968, லண்டன். பாஸ்டனில் 1948-இல் பிறந்து வடக்கு கரோலினாவில் வளர்ந்தவர். அப்பா டாக்டர், பின்னாளில் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தலைவர். வசதியான வீடு. ஆனால் 17 வயதில் கடும் மனச்சோர்வோடு பாஸ்டன் பக்கத்து மக்லீன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். பள்ளிப் படிப்பை முடித்ததே அங்கேதான். பிறகு நியூயார்க்கில் நண்பன் டேனி கோர்ச்மாரோடு ஃப்ளையிங் மெஷின் என்ற குழு. கூடவே ஹெராயின். கடைசியில் அப்பா நியூயார்க் வந்து காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் லண்டன். கோர்ச்மார் கொடுத்த ஒரு போன் நம்பர் பீட்டர் ஆஷரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பீட்டில்ஸ் குழு புதிதாகத் தொடங்கியிருந்த ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்தவர் ஆஷர். பீட்டில்ஸில் இருவரான மெக்கார்ட்னியும் ஹாரிசனும் உட்கார்ந்து கேட்க, இவர் கிட்டாரோடு ஒரு பாட்டைப் பாடிக் காட்ட, வேலை முடிந்தது. ஆப்பிள் ஒப்பந்தம் செய்த முதல் அமெரிக்கர் இவர்தான். அன்று பாடிய பாட்டின் தலைப்பு வரி அடுத்த வருஷமே ஹாரிசனுடைய புகழ்பெற்ற பாட்டுக்கு முதல் வரியாகிவிட்டது. டெய்லர் சண்டைக்குப் போகவில்லை. அதே பாட்டின் முடிவை அவரே ஒரு பீட்டில்ஸ் பாட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்!

தொகுப்பு எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவில் வயலினும் ஊதுகருவிகளும் வந்து ஒட்டுப் போடுகின்றன. 'கரோலினா இன் மை மைண்ட்' மட்டும் அப்போதே முழுசாக இருக்கிறது. பேஸ் கிட்டார் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் இருக்கும் அறையில் ஒரு மூலையில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்று உலகமே அலைந்த காலத்தில், இந்த 20 வயதுப் பையன் அதே அறையில் இருந்துகொண்டு சொந்த ஊரை நினைத்து ஏங்கியிருக்கிறான்.

ஜூன் 15

'ஃபயர் அண்ட் ரெயின்'. இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கினேன்.

இங்கே கடைகளில், பல் டாக்டர் அறையில், லிஃப்டில் எல்லாம் ஓடித் தேய்ந்துபோன பாட்டு. அதனாலேயே யாரும் காது கொடுப்பதில்லை. மூன்று சரணம், மூன்றும் வாழ்க்கையில் அவருக்கு விழுந்த வேறு வேறு அடி. லண்டனில் அவர் பதிவில் இருந்தபோது ஊரில் ஒரு தோழி தற்கொலை செய்துகொண்டாள். வேலை கெட்டுவிடக் கூடாது என்று நண்பர்கள் மாதக்கணக்கில் அவரிடம் சொல்லவில்லை. முதல் சரணம் அந்தச் செய்தி வந்து சேர்ந்த கணம். இரண்டாவது, போதையிலிருந்து மீளப் படும் பாடு. மூன்றாவதில் உடைந்து தரையில் கிடக்கும் பறக்கும் இயந்திரங்கள் வருகின்றன. தோழி விமான விபத்தில் இறந்துபோனாள் என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. இல்லை, அது கலைந்துபோன அவருடைய குழுவின் பெயர்.

பதிவு 1969 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸில். அப்போது அவருக்குத் தங்க இடமில்லை. ஆஷர் வீட்டிலும் நண்பர்கள் வீட்டுச் சோபாவிலும் படுத்துக்கொண்டு 7,600 டாலரில் முழுத் தொகுப்பையும் முடித்திருக்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் அந்தச் சிக்கனம் புரியும். பியானோ, பாடகியும் பாடலாசிரியருமான கரோல் கிங். டிரம்ஸ் ரஸ் கங்கெல்; குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால், பெரிய டிரம்களில் உருட்டி உருட்டி அடிக்கிறார். கீழே டபுள் பேஸை வில் போட்டு இழுக்கிறார்கள். பாட்டு முழுக்கக் கார்வை போல அது கூடவே வருகிறது. மேலே கிட்டாரும் குரலும் அமைதியாகப் போகின்றன. பதற்றம் எல்லாம் அடியில் இருக்கிறது.

இந்தக் குரலை 'இனிமை' என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. 1971-இல் டைம் பத்திரிகை இவர் படத்தை அட்டையில் போட்டது. அதே வருஷம் லெஸ்டர் பேங்ஸ் என்ற விமர்சகர், இவர் சாவுக்கு நாள் குறித்த மாதிரி ஒரு தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். சத்தமாகக் கத்தினால்தான் வலி என்று நம்பிய காலம் போல.

ஜூன் 17

'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட்'. அமெரிக்கத் தரவரிசையில் இவருக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே தனிப்பாட்டு, 1971. எழுதியது கரோல் கிங். நட்புக் கிடைக்காத தனிமையைப் பற்றி 'ஃபயர் அண்ட் ரெயின்' பாட்டில் ஒரு வரி வருமே, அதற்குப் பதிலாகத்தான் இது பிறந்தது என்று சொல்வார்கள்.

யோசித்தால் வேடிக்கை. தானே எழுதிப் பாடுவோர் என்ற இனத்துக்கே முகமாக வைத்துப் பேசப்படும் மனிதர். வானொலியில் அதிகம் ஓடியவற்றில் பாதி அடுத்தவர் பாட்டு. 'ஹவ் ஸ்வீட் இட் இஸ்' மார்வின் கே பாடியது. 'ஹேண்டி மேன்' அதற்கும் முந்தியது. துள்ளலான பழைய பாட்டை எடுத்து வேகத்தைக் குறைத்து, கிட்டாரில் உள் ஸ்வரங்களை மாற்றி, இவர் எழுதியதுதான் என்று நம்ப வைத்துவிடுகிறார்.

ஜூன் 21

இன்று கேட்கவில்லை, கிட்டார் வாசித்தேன்.

டெய்லர் தன் இணையதளத்தில் இலவசமாகக் கிட்டார் பாடங்கள் போட்டிருக்கிறார். 2011 வாக்கில் வந்தவை. கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு கேமராவை வைத்து, விரல் கம்பியைத் தொடுவதை உள்ளிருந்து காட்டுகிறார்கள். அதில் ஸ்ருதி சேர்ப்பதற்கு ஒரு பாடம். ட்யூனர் கருவி காட்டும் சரியான ஸ்ருதியில் அவர் எந்தக் கம்பியையும் நிறுத்துவதில்லை. தடித்த கீழ்க் கம்பியிலிருந்து தொடங்கி 12, 10, 8, 4, 6, 3 சென்ட் இறக்கி வைக்கிறார். அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். தட்டியதும் கம்பி கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும், தடித்த கம்பி இன்னும் அதிகமாக. கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் மேலும் ஏறும். அவரோ பாதிப் பாட்டுக்குக் கேப்போ போடுகிறவர். அதற்கான கழிவை முன்கூட்டியே கழித்துவிடுகிறார்.

ட்யூனரைப் பார்த்துப் பார்த்து அப்படியே வைத்தேன். திரையில் ஆறு கம்பியும் தப்பு என்று முள் சாய்ந்து நிற்கிறது. டி கார்டு என்ற ஸ்வரக் கூட்டைப் பிடித்துத் தட்டினால், நிஜமாகவே கரகரப்பு போய் ஒரு குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி நிறைவு. பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, "புதுக் கிட்டார் வாங்கிட்டீங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள்.

வலது கை நகங்களுக்குக் கண்ணாடியிழைத் துணியும் சூப்பர் குளூவும் வைத்து ஒட்டிக் கெட்டிப்படுத்திக்கொள்வதையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். ஏ, டி கார்டுகளில் அவர் விரல்கள் ஊர் வழக்கத்துக்குத் தலைகீழ். சின்ன வயதில் செல்லோ படித்தவர். கிட்டார் தானாகக் கற்றது. அந்தத் தலைகீழ்ப் பிடி எனக்கு வரவே இல்லை, விட்டுவிட்டேன்.

ஜூன் 22

ஆபீஸ். மழை. எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 26

எண்பதுகளுக்கு வந்துவிட்டேன். இங்கே கொஞ்சம் வறட்சி. பாடகி கார்லி சைமனோடு 1972-இல் நடந்த திருமணம் 1983-இல் முறிந்தது. போதையிலிருந்து முழுதாக வெளியே வந்ததும் அதை ஒட்டித்தான். பாட்டை விட்டுவிடலாமா என்ற யோசனையோடு இருந்தவரை 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவுக்குக் கூப்பிட்டார்கள். ராக் இன் ரியோ, முதல் விழா. லட்சக்கணக்கில் கூட்டம். பிரேசிலில் ராணுவ ஆட்சி முடியப்போகிற வாரம் வேறு. இவர் நுழைந்து பாடத் தொடங்கியதும் போர்ச்சுகீசியம் பேசுகிற அத்தனை பேரும் ஆங்கில வரிகளைத் திருப்பிப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பதிவைப் பார்த்தேன். மனிதர் வாயடைத்து நிற்கிறார். அங்கிருந்து திரும்பி வந்து அந்த ஊரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். அதற்குப் பிறகு ஓய்வைப் பற்றிய பேச்சு இல்லை.

ஜூன் 30

மேடைப் பதிவுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முக்கியம், இரண்டுமே 2007.

ஒன்று, பிட்ஸ்ஃபீல்டில் உள்ள பழைய கலோனியல் தியேட்டரில் எடுத்தது. இவரும் பியானோ வாசிக்கும் லேரி கோல்டிங்ஸும் மட்டும். டிரம்ஸுக்கு ஆளில்லை, அதற்குப் பதில் மரத்தாலான ஒரு பிரம்மாண்ட இயந்திரம் சக்கரம் சுழன்று தானே அடிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு நடுவில் நீட்டி முழக்கிக் கதை சொல்கிறார். சிரிக்காமல் நகைச்சுவை சொல்லும் ஆள். நம் கதாகாலட்சேபக்காரர்கள் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸ் ட்ரூபடூரில் கரோல் கிங்கோடு. 1970-இல் இருவரும் பாடிய அதே சின்ன கிளப், அதே வாத்தியக்காரர்கள்: கோர்ச்மார், கங்கெல், நெஞ்சு வரை வெள்ளைத் தாடியோடு லீலண்ட் ஸ்க்லார். மூன்று வருஷம் கழித்து, 2010-இல், இதே கூட்டணி உலகம் சுற்றியது. 1970-இல் 22 வயது டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு, முடி முகத்தை மறைக்கப் பாடுவார். யாரும் பார்க்காமல் இருந்தால் தேவலை என்பது போல. 2007-இல் நிமிர்ந்து உட்கார்ந்து, கரோல் கிங் பாடும்போது அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

இடைவேளையில் உள்ளே போகாமல் மேடை விளிம்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் பழக்கமும் அவருக்குப் பல வருஷமாக உண்டு.

ஜூலை 2

2015-இல் வந்த 'பிஃபோர் திஸ் வேர்ல்ட்'. சொந்தப் பாட்டுகளோடு 13 வருஷம் கழித்து வந்த தொகுப்பு. எழுதுவதற்கென்றே ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாராம். பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் முதலிடம். அதுவரை ஒரு தடவைகூட அங்கே அவர் முதலிடம் வந்ததில்லை! 67 வயதில் வந்தது. ரெட் சாக்ஸ் பேஸ்பால் குழுவைப் பற்றிய பாட்டு இதில்தான் இருக்கிறது. பாஸ்டன்காரர்கள் தேம்பித் தேம்பிக் கேட்பார்கள். எனக்கு பேஸ்பால் பிடிபடாததால் ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 5

நேற்று போய் வந்தோம்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே. பெக்கெட்டில் ஒரு பலகை: தெற்கு டகோட்டாவுக்குக் கிழக்கே இந்தச் சாலையின் மிக உயரமான இடம் இதுதான், 1,724 அடி. அதைத் தாண்டி லீயில் இறங்கியதிலிருந்து கார்கள் நகரவே இல்லை. புல்வெளியில் ஜனங்கள் மடக்கு மேசை, விரிப்பு, மெழுகுவத்தி, ஒயின் என்று குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போயிருந்தோம். பக்கத்து விரிப்பில் இருந்த வயதான தம்பதிக்கு அம்மா ஒரு தட்டில் வைத்து நீட்ட, அவர்கள் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். 1974-லிருந்து அவர் இங்கே பாடுகிறார்; பாதி வருஷம் தாங்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கிருந்து மேடையில் ஆள் எறும்பளவுதான். திரையைப் பார்க்க வேண்டியதுதான். தட்டைத் தொப்பி, ஒல்லியான உயரம். மேல் ஸ்தாயியில் பழைய பளபளப்பு இல்லை. அந்த இடங்களைப் பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். கீழ் ஸ்வரங்களில் குரல் தடித்து, பேசுவது போல வந்தது.

'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' தொடங்கியது. டெய்லரின் அண்ணன் தன் குழந்தைக்கு ஜேம்ஸ் என்றே பெயர் வைத்தார். அந்தக் குழந்தையைப் பார்க்கக் காரில் போகும்போது எழுதிய பாட்டு. இரண்டாம் சரணத்தில் ஸ்டாக்பிரிட்ஜிலிருந்து பாஸ்டன் போகும் நெடுஞ்சாலை வரும், பனி மூடிய இந்த பெர்க்‌ஷயர் மலைகளும் வரும். ஊர்ப் பெயர் வாயில் வந்ததும் புல்வெளி முழுக்க ஒரு கூச்சல். நாங்கள் அன்று வந்த சாலை அல்லவா. அந்த ஸ்டாக்பிரிட்ஜில்தான், ஆஸ்டன் ரிக்ஸ் மையத்தில் சிகிச்சையில் இருந்தபோது, 1969-இல் 'ஃபயர் அண்ட் ரெயின்' பாட்டை எழுதி முடித்தார். இங்கிருந்து சில மைல். சிகிச்சைக்கு வந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒருவர் வருஷா வருஷம் வந்து அந்தப் பாட்டைப் பாடுகிறார். கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருந்ததோ.

அம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டில் ஒரு வார்த்தை பிடிபடாது. கொஞ்ச நேரம் தொடையில் தட்டிப் பார்த்தாள். "மூணு மூணா போகுது. தாலாட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வாணவேடிக்கை முடிந்து, கார் நிறுத்தத்திலிருந்து வெளியே வர நள்ளிரவு ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுதினால் கச்சேரியின் நல்ல பெயர் கெட்டுவிடும்.

ஜூலை 7

நண்பன் ஒருவன் கேட்கிறான்: "அம்பது வருஷமா அதே பாட்டு. என்னடா இருக்கு?" 1970 பதிவையும் ட்ரூபடூர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள் என்று அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அம்மா அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அந்தத் தாலாட்டை அவள் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். முதலில் 1970 பதிவைப் போட்டேன். அரை நிமிஷம் கேட்டிருப்பாள். "இது வேற யாரோ சின்னப் பையன். அன்னைக்குப் பாடினவர் பாடினது வேணும்" என்றாள். 2007-இல் பாடியதை ஏற்றிக் கொடுத்தேன்.